நியூட்ரானுக்கு வழிவிடும் உலோகம்

1938ஆம் ஆண்டு லக்சம்பர்க் நாட்டு உலோகவியலாளர் ஒருவர் சில டைட்டானியத் துண்டுகளை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனார். பெயர் வில்ஹெல்ம் கிரோல். அதுவரை கிடைத்துவந்த டைட்டானியம் பெரும்பாலும் தட்டினால் நொறுங்குகிற பண்டம். கிரோல் கொண்டுபோனது வேறு ரகம்: தகடாக அடிக்கலாம், கம்பியாக இழுக்கலாம், வளைத்தால் முறியாது. பெரிய நிறுவனங்களைத் தேடிப் போய்க் காட்டினார். எவரும் அக்கறை கொள்ளவில்லை. துண்டுகளோடு ஊர் திரும்பினார்.

பத்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியது. அதே மனிதர், அதே முறையால் பிரித்தெடுத்த இன்னோர் உலோகம் அமெரிக்கக் கடற்படையின் அவசரத் தேவைகளில் ஒன்றாகிவிட்டது. அந்த உலோகம் சிர்க்கோனியம். இன்று உலகில் மின்சாரம் தரும் அணு உலைகளில் மிகப் பெரும்பாலானவற்றில் யுரேனிய எரிபொருளைப் பொதிந்து வைத்திருக்கும் உறை, சிர்க்கோனியக் கலவையால் ஆனது. கூடங்குளத்திலும், கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையத்திலும் அதுவே.

அணுசக்தியின் கதையை நாம் இயற்பியலாளர்களின் கதையாகவே படித்துவந்திருக்கிறோம். ஃபெர்மி, ஓப்பன்ஹைமர், பாபா என்று பெயர்கள் வரிசையாக வரும். அவர்கள் காகிதத்தில் வரைந்த உலையை வெந்நீரிலும் கதிர்வீச்சிலும் ஆண்டுக்கணக்கில் நிற்கவைத்தவர்கள் உலோகவியலாளர்கள். நூறில் ஒரு பங்கு, பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் கலப்புகளோடு அவர்கள் நடத்திய போராட்டம் இல்லாவிட்டால் அணுமின்சாரம் இல்லை. அந்தப் போராட்டம் சொல்லப்படவேண்டிய அளவுக்குச் சொல்லப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் ஆதங்கம்.

கிரோல் 1889இல் எஷ்-சுர்-அல்செட் என்ற இரும்புச் சுரங்க நகரில் பிறந்தார். தந்தை ஊது உலைகளை நடத்திய நிர்வாகி. பெர்லினின் ஷார்லொட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த மகன், முதலில் ரயில் பெட்டிகளின் தாங்கிகளுக்கான ஈயக் கலவைகளில் வேலை பார்த்தார். 1923இல் லக்சம்பர்க் நகரில் ஒரு வீட்டை வாங்கி, அதையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். பல்கலைக்கழகம் இல்லை, அரசு மானியம் இல்லை. தன் காப்புரிமைகளிலிருந்து வந்த வருமானத்தில் தனி ஆளாக ஆராய்ச்சி செய்தவர் அவர். இருபதாம் நூற்றாண்டின் உலோகத் தொழிலை மாற்றிய ஒரு முறை, ஒரு வீட்டுக்குள் உருவானது.

அவர் தீர்த்த சிக்கல் இதுதான். டைட்டானியமும் சிர்க்கோனியமும் பூமியில் அரிதானவை அல்ல; கடற்கரை மணலிலேயே குவிந்து கிடக்கின்றன. ஆனால் சூடான நிலையில் இரண்டுக்கும் ஆக்சிஜன், நைட்ரஜன் மீது அடங்காத பசி. காற்றில் கொஞ்சம் பட்டாலும் உள்ளே இழுத்துக்கொண்டு உடையும் தன்மை பெற்றுவிடும். இரும்பைப் போலக் கரியோடு சேர்த்து உருக்கவும் முடியாது, கரியையும் விழுங்கிவிடும். கிரோல் ஆக்சிஜனை முற்றிலும் ஒதுக்கினார். முதலில் தாதுவைக் குளோரைடாக மாற்றினார். பிறகு காற்றுக்குப் பதில் ஆர்கான் நிரம்பிய மூடிய பாத்திரத்தில், உருகிய மக்னீசியத்தின் மேல் அந்தக் குளோரைடைச் செலுத்தினார். மக்னீசியம் குளோரினைப் பிடித்துக்கொள்ள, துளைகள் நிறைந்த பஞ்சுபோன்ற வடிவில் தூய உலோகம் மிஞ்சியது. கிரோல் முறை என்றே அதற்குப் பெயர் நிலைத்தது.

1940இல் ஜெர்மன் படைகள் லக்சம்பர்க்கில் நுழையும் முன் கிரோல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். டைட்டானியத்துக்கான அமெரிக்கக் காப்புரிமை அந்த ஆண்டு ஜூன் மாதம் கிடைத்தது. கிடைத்ததை வைத்துக்கொள்ள முடியவில்லை. போர்க்காலத்தில் எதிரிநாட்டுத் தொடர்புடைய சொத்துகளைக் கையகப்படுத்திய அரசு அலுவலகம் அதை எடுத்துக்கொண்டது. தன் கண்டுபிடிப்புக்கு உரிமை கோரி அவர் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியதாயிற்று. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த ஒருவரை எதிரித் தரப்பினர் பட்டியலில் சேர்த்தது எந்தக் கணக்கில் பார்த்தாலும் அநியாயம்.

1945இல் ஓரிகன் மாநிலத்து ஆல்பனி என்ற சிற்றூரில், அமெரிக்கச் சுரங்கத்துறையின் ஆய்வுக்கூடத்தில் அவர் சேர்ந்தார். அங்கே எடுத்துக்கொண்ட வேலை சிர்க்கோனியம். டைட்டானியத்தின் குளோரைடு திரவம். குழாயில் விட்டு அளந்து ஊற்றலாம். சிர்க்கோனியத்தின் குளோரைடோ திடப்பொருள். சுமார் 330 டிகிரி செல்சியஸில் திரவமாகாமல் நேரே ஆவியாகும். ஈரக்காற்று பட்டால் உடனே ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்ளும். அதனால் குளோரைடைத் தூய்மைப்படுத்துவது, ஆவியாக்குவது, மக்னீசியத்தோடு சேர்ப்பது எல்லாவற்றையும் மூடிய உலைக்குள்ளேயே நடத்தவேண்டியிருந்தது. மிஞ்சிய மக்னீசியத்தையும் உப்பையும் வெற்றிடத்தில் சூடேற்றிப் பிரித்தார்கள். 1947 வாக்கில் தகடாக உருட்டக்கூடிய சிர்க்கோனியம் ஆல்பனியிலிருந்து வரத் தொடங்கியது. அந்தக் கூடம் இதைத் தொடங்கியபோது அதன் இலக்கு அணு உலை அல்ல. அரிய உலோகங்களுக்குப் பயன்பாடு தேடுவது மட்டுமே.

சிர்க்கோனியத்தின் கதை அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது, அதுவும் இலங்கையில். அத்தீவின் இரத்தினக் கற்களில் ஒன்றான சிர்க்கானை 1789இல் பெர்லினில் சோதித்த மார்ட்டின் கிளாப்ரோத், அதில் ஒரு புதிய தனிமத்தின் ஆக்சைடு இருப்பதைக் கண்டார். நிறமற்ற சிர்க்கான் கல்லைத்தான் மாத்தறை வைரம் என்று இலங்கையில் விற்றார்கள். 1824இல் பெர்சீலியஸ் அதிலிருந்து தூய்மையற்ற உலோகப் பொடியை எடுத்தார். உண்மையிலேயே வளையக்கூடிய தூய சிர்க்கோனியம் கிடைக்க 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெதர்லாந்தின் ஐந்தோவனில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் வான் ஆர்கலும் டி போயரும் அயோடினோடு சேர்த்து அதை ஆவியாக்கி, சூடேற்றிய கம்பியின்மேல் படிகமாக வளரவிட்டார்கள். அருமையான தூய்மை. ஆனால் கம்பி தடிக்கத் தடிக்க நேரம் ஓடும், விலை ஏறும். ஆய்வுக்கூடத்துக்கு அது போதும். ஓர் உலைக்குத் தேவையான டன்களுக்குப் போதாது.

உலைக்கு ஏன் இந்த உலோகம்? யுரேனியத்தின் ஓர் அணு பிளவுறும்போது இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்கள் வெளியே தெறிக்கின்றன. அவற்றில் ஒன்றாவது இன்னொரு அணுவைப் பிளந்தால்தான் தொடர்வினை நிற்காமல் நடக்கும். எரிபொருளைச் சுற்றியுள்ள உறை, தாங்கிகள், குழாய்கள் எல்லாமே நியூட்ரான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகின்றன. ஒவ்வோர் உலோகமும் எவ்வளவு விழுங்கும் என்பதைப் பார்ன் என்ற அலகால் அளக்கிறார்கள். இரும்புக்குச் சுமார் 2.6 பார்ன், நிக்கலுக்கு 4.5. எஃகு உறை வலுவானது, ஆனால் நியூட்ரான் கணக்கில் பெரும் செலவு. அலுமினியத்துக்கு 0.23 மட்டுமே, ஆனால் 300 டிகிரி வெந்நீரில் அது அரித்துப்போகும், வலுவும் குன்றும். பெரிலியம் இன்னும் குறைவாக விழுங்கும். ஆனால் அதன் தூள் நஞ்சு, உலோகமோ எளிதில் விரிசல் விடும். சிர்க்கோனியத்துக்கு உருகுநிலை 1855 டிகிரி, வெந்நீரை ஓரளவு தாங்கும். எல்லாம் பொருந்தியும் நியூட்ரான்களை அதிகம் விழுங்குகிறது என்று அளவீடுகள் சொல்ல, அதை ஒதுக்கிவைத்தார்கள்.

அளவீடு பிழையல்ல, அளந்த பொருளில்தான் கலப்பு இருந்தது. இயற்கையில் சிர்க்கோனியம் எங்கே கிடைத்தாலும் அதோடு நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் ஹாஃப்னியமும் சேர்ந்தே இருக்கும். 1923இல் கோப்பன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவெஷியும் கண்டுபிடிக்கும் வரை அப்படி ஒரு தனிமம் உள்ளே இருப்பதே தெரியாது. வேதியியலில் இரண்டும் அவ்வளவு ஒத்தவை. நியூட்ரான் விஷயத்திலோ மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. சிர்க்கோனியத்துக்கு 0.18 பார்ன், ஹாஃப்னியத்துக்குச் சுமார் 105. எடையில் இரண்டு சதவீதம் ஹாஃப்னியம் இருந்தாலே மொத்த உலோகமும் விழுங்கும் அளவு ஏறக்குறைய ஏழு மடங்காகிவிடும். எம்.ஐ.டி.யின் உலோகவியலாளர் ஆல்பர்ட் காஃப்மன், பழி ஹாஃப்னியத்தின் மேல்தான் இருக்கவேண்டும் என்று சந்தேகித்தார். ஹாஃப்னியம் நீக்கிய மாதிரியை ஓக் ரிட்ஜில் ஹெர்பர்ட் பொமரன்ஸ் 1947இல் அளந்து பார்த்தார். சந்தேகம் சரியாக இருந்தது. ஒதுக்கிவைத்த உலோகம், தண்ணீரால் குளிரும் உலைக்கு மிகப் பொருத்தமானதாக ஒரே ஆண்டில் மாறியது.

அப்போது ஓக் ரிட்ஜில் அணு உலைகளைப் பற்றிப் படிக்க வந்திருந்தார் கடற்படைக் கேப்டன் ஹைமன் ரிக்கோவர். நீர்மூழ்கிக் கப்பலை அணுசக்தியில் ஓட்டவேண்டும் என்பது அவருடைய ஒரே குறிக்கோள். கப்பலுக்குள் வைக்கும் உலை சிறிதாக இருக்கவேண்டும். சிறிய உலையில் நியூட்ரான் இழப்புக்கு இடமில்லை. டன் கணக்கில் சிர்க்கோனியம் எங்கும் இல்லாத காலத்தில், போதுமான சோதனை முடிவுகளும் கையில் இல்லாத நிலையில், தன் உலைக்கு அதையே தேர்ந்தெடுத்தார். பின்னால் வந்த வெற்றியை வைத்துப் பார்த்தால் இது தீர்க்கதரிசனமாகத் தோன்றும். அன்று அது பெரும் துணிச்சல். தவறியிருந்தால் திட்டமே கவிழ்ந்திருக்கும்.

இரு தனிமங்களையும் பிரிக்க வழி தேடியது ஓக் ரிட்ஜின் ஒய்-12 கூடம். ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களை எதிரெதிராக ஓடவிட்டு, ஹாஃப்னியம் ஒன்றிலும் சிர்க்கோனியம் மற்றொன்றிலும் தங்கும்படி பல கட்டங்களில் பிரித்தார்கள். இன்று அணு உலைக்கான சிர்க்கோனியத்தில் ஹாஃப்னியம் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. நீக்கிய ஹாஃப்னியமும் வீணாகவில்லை. நியூட்ரானை விழுங்கும் அதே குணத்துக்காக, உலையின் வேகத்தை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளாக நீர்மூழ்கிக் கப்பல்களில் வேலைக்கு வந்தது.

அடுத்த தொல்லை வெந்நீரில் காத்திருந்தது. ஒரே முறையில் செய்த இரண்டு துண்டுகளை வெந்நீரில் போட்டால் ஒன்று கறுத்த பளபளப்போடு மாதக்கணக்கில் கிடக்கும். மற்றொன்று வெண்மையாகப் பொருக்குவிட்டு உதிரும். காரணம் நைட்ரஜன். இருபதாயிரத்தில் ஒரு பங்கு நைட்ரஜன் இருந்தாலே, குடம் பாலுக்குத் துளி விஷம்போல, மொத்தமும் கெட்டுவிடும். உற்பத்தியில் அவ்வளவு தூய்மையைத் தொடர்ந்து காப்பது கடினம். ஆகவே நைட்ரஜனை முழுவதும் விரட்டுவதற்குப் பதில், அதன் கேட்டை முறிக்கும் ஒன்றைச் சேர்க்கலாம் என்று பிட்ஸ்பர்க் அருகே வெஸ்டிங்ஹவுஸ் நடத்திய பெட்டிஸ் ஆய்வுக்கூடத்தினர் முயன்றார்கள். வெள்ளீயம் அதைச் செய்தது. 2.5 சதவீதம் வெள்ளீயம் கலந்ததற்கு சிர்க்கலாய்-1 என்று பெயரிட்டார்கள்.

சிர்க்கலாய்-1 தொடக்கத்தில் நம்பிக்கை தந்தது. சோதனைகள் நீளநீள ஓர் அச்சம் தலைதூக்கியது: அரிப்பின் வேகம் குறைவதற்குப் பதில் நாளாக நாளாகக் கூடிக்கொண்டே போனது. கப்பலில் ஏறிய பிறகு உறை பொத்துக்கொண்டால் திறந்து மாற்ற வழியில்லை.

இந்த நெருக்கடியில்தான், சிர்க்கோனியத்தை உருக்கிய ஒரு வார்ப்பில் தற்செயலாகத் துருப்பிடிக்காத எஃகு கலந்துவிட்டது. எஃகில் உள்ள இரும்பு, குரோமியம், நிக்கல் மூன்றும் உள்ளே போயின. கெட்டுப்போனதாகக் கருதித் தள்ளிவிடக்கூடிய வார்ப்பு அது. அதிலிருந்து வெட்டிய மாதிரிகளையும் வெந்நீரில் போட்டுப் பார்த்தார்கள். அவை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கின. தற்செயலுக்குக் கிடைக்கும் புகழ் இக்கதையில் கொஞ்சம் அதிகம். எஃகு கலந்தது தற்செயல், அதைத் தூக்கி எறியாமல் சோதித்ததும் பதிவுசெய்ததும் தற்செயல் அல்ல. ஒவ்வொரு தனிமத்தையும் தனித்தனியாக, வெவ்வேறு அளவுகளில் கலந்து பார்த்த பிறகு கலவை முடிவானது: 1.5 சதவீதம் வெள்ளீயம், 0.12 சதவீதம் இரும்பு, 0.1 சதவீதம் குரோமியம், 0.05 சதவீதம் நிக்கல். மீதி 98 சதவீதத்துக்கும் மேல் சிர்க்கோனியம். இதுவே சிர்க்கலாய்-2. 1952இல் முடிவெடுத்து, இடைவெளியே விடாமல் உற்பத்திக்குக் கொண்டுபோனார்கள். ரிக்கோவரின் நாட்டிலஸ் நீர்மூழ்கி 1954 ஜனவரியில் தண்ணீரில் இறங்கியது; 1955 ஜனவரி 17 அன்று அணுசக்தியில் புறப்பட்டது.

இவ்வளவு குறைந்த அளவு இரும்பும் குரோமியமும் என்ன செய்துவிட முடியும்? அவை சிர்க்கோனியத்தில் அநேகமாகக் கரைவதில்லை. மைக்ரான் அளவுக்கும் சிறிய துகள்களாகத் திரண்டு உலோகம் எங்கும் பரவி நிற்கின்றன. வெந்நீர் உலோகத்தை அரிக்கும்போது மேலே படியும் ஆக்சைடுப் படலம் எப்படி வளர்கிறது, எப்போது வெடிக்கிறது என்பதை அந்தத் துகள்களின் அளவும் பரவலும் நிர்ணயிக்கின்றன. கலவையின் சேர்மானம் ஒன்றாகவே இருந்தாலும், எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் பதப்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்துக் குழாயின் ஆயுள் மாறிவிடும். இந்த நுட்பம் முழுதாகப் புரிய இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. புரியும் முன்பே கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. 1957இல் பென்சில்வேனியாவின் ஷிப்பிங்போர்ட் மின்நிலையமும் இதே கலவையோடு தொடங்கியது.

நிக்கல் பிறகு வெளியேற்றப்பட்டது. அரிக்கும் வினையில் பிறக்கும் ஹைட்ரஜனை உலோகம் உள்ளிழுக்க நிக்கல் துணைபோகிறது என்று தெரிந்தது. அதை எடுத்துவிட்டு இரும்பைச் சற்றுக் கூட்டியதே சிர்க்கலாய்-4. அழுத்தநீர் உலைகளில் பல்லாண்டுகள் அதுவே கோலோச்சியது. கொதிநீர் உலைகளில் சிர்க்கலாய்-2 நீடித்தது.

சோவியத் ஒன்றியம் தனி வழியில் போனது. வெள்ளீயத்தைத் தொடாமல் ஒரு சதவீதம் நியோபியத்தைச் சேர்த்தார்கள். இ-110 என்று அதற்குக் குறியீடு. கூடங்குளத்தில் உள்ள வகை உலையில் 163 எரிபொருள் கட்டுகள், ஒவ்வொன்றிலும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட கோல்கள். அவற்றின் உறை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் கலவையில் கிரோலின் பெயர் எதிர்பாராத இடத்தில் மீண்டும் வருகிறது. பிரெஞ்சு எம்-5 கலவையும் ஒரு சதவீதம் நியோபியம்தான். ஆயினும் விபத்துக்கால நிலைமைகளை உண்டாக்கி, ஆயிரம் டிகிரி நீராவியில் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, பழைய இ-110 விரைவில் வெண்பொருக்கு விட்டது, எம்-5 தாங்கியது. சேர்மானம் ஒன்று, பிறப்பு வேறு. சோவியத் உலோகத்தில் மின்னாற்பகுப்பால் எடுத்த பொடி சேர்ந்திருந்தது. பிரெஞ்சு உலோகம் கிரோல் முறையின் பஞ்சிலிருந்து வந்தது. எந்த முறையில் பிரித்தார்களோ அம்முறை விட்டுச்செல்லும் மிக நுண்ணிய எச்சங்கள், அரை நூற்றாண்டுக்குப் பிறகும் பேசுகின்றன. ரஷ்யர்கள் பின்னர் பஞ்சு உலோகத்துக்கு மாறினார்கள்.

யுரேனியத்தைச் செறிவூட்ட வசதியில்லாத நாடுகளுக்கு இந்த உலோகம் இன்னும் முக்கியம். இயற்கை யுரேனியத்தில் பிளவுபடக்கூடிய ஐசோடோப்பு 0.7 சதவீதம் மட்டுமே. அங்கே நியூட்ரான் வீணாக இடமே இல்லை. கன ஹைட்ரஜனால் ஆன கனநீரும் சிர்க்கோனியமும் சேர்ந்தால் அப்படிப்பட்ட உலை ஓடும். கனடாவும் இந்தியாவும் தேர்ந்த வழி இது. டிராம்பேயில் பிரம்ம பிரகாஷ் தலைமையில் உலோகவியலாளர்கள் 1950களிலேயே ஹாஃப்னியத்தைப் பிரிக்கும் வேலையில் இறங்கினார்கள். பின்னாளில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநரான சி.வி. சுந்தரமும் அக்குழுவில் வளர்ந்தவர். 1971இல் ஹைதராபாத்தில் அணு எரிபொருள் வளாகம் எழுந்தது. மூன்றே ஆண்டுகளில் பொக்ரான் அணுச்சோதனை நடந்து வெளிநாட்டு உதவிகள் வற்றியபோது, மணலிலிருந்து குழாய் வரை உள்நாட்டிலேயே செய்யும் திறன் கைவசம் இருந்தது.

அந்த மணலில் ஒரு பங்கு குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலிருந்து போகிறது. கடலலை ஒதுக்கும் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், மோனசைட் ஆகியவற்றோடு சிர்க்கானும் கிடக்கிறது. 2009இல் தூத்துக்குடி அருகே பழையகாயலில் சிர்க்கோனிய வளாகம் உற்பத்தியைத் தொடங்கியது. மணலைக் காரத்தோடு சேர்த்துச் சிதைத்து, ஹாஃப்னியம் நீக்கி, குளோரைடாக்கி, மக்னீசியத்தால் ஒடுக்கிப் பஞ்சு உலோகம் எடுக்கும் அந்தத் தொடரின் கடைசிக் கட்டம், கிரோல் தன் லக்சம்பர்க் வீட்டில் தொடங்கிய அதே வினை. அந்த மணலை அள்ளுவது கரையோர ஊர்களுக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி குமரிக் கடற்கரையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

கனநீர் உலையில் சிர்க்கோனியத்துக்கு இரட்டை வேலை. எரிபொருள் உறை ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் தடிமனே உள்ளது. ஓராண்டு, இரண்டாண்டில் எரிபொருளோடு வெளியே வந்துவிடும். அதைத் தாங்கும் அழுத்தக் குழாயோ உலைக்குள்ளேயே பல்லாண்டுகள் கிடக்கவேண்டும். கல்பாக்கத்தின் உலை ஒவ்வொன்றிலும் 306 அழுத்தக் குழாய்கள். குழாய்க்குப் பன்னிரண்டு எரிபொருள் கட்டுகள். இந்தக் குழாய்களில்தான் சிர்க்கலாய்-2 தன் பலவீனத்தைக் காட்டியது.

1983 ஆகஸ்ட் 1 அன்று கனடாவின் பிக்கரிங் நிலையத்தின் இரண்டாம் உலையில் ஓர் அழுத்தக் குழாய் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. சூடான அழுத்தக் குழாயையும் அதைச் சுற்றியுள்ள குளிர்ந்த வெளிக்குழாயையும் ஒட்டாமல் பிரித்து வைப்பவை வில்வளையங்கள். அவை இடம் நகர்ந்திருந்ததால், தாங்கலற்ற இடத்தில் அழுத்தக் குழாய் தொய்ந்து வெளிக்குழாயைத் தொட்டுவிட்டது. கனநீர் அரிக்கும்போது உலோகத்துக்குள் புகும் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன், குளிர்ந்த இடத்தை நோக்கி நகரும் இயல்புடையது. தொட்ட இடத்தில் அது திரண்டு, உடையக்கூடிய ஹைட்ரைடுக் கொப்புளங்களாகி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விரிசல் ஓடியது. உலையை ஊழியர்கள் பத்திரமாக நிறுத்தினார்கள். ஆனால் சிர்க்கலாய்-2 அழுத்தக் குழாய்களின் காலம் அன்றிலிருந்து முடிவுக்கு வரத் தொடங்கியது.

மாற்று ஏற்கெனவே இருந்தது: 2.5 சதவீதம் நியோபியம் கலந்த சிர்க்கோனியம். அது டியூட்டீரியத்தை மிகக் குறைவாகவே உள்வாங்கும், வலுவும் அதிகம். அதுவும் குறையற்றதல்ல, பிக்கரிங்கின் மூன்றாம், நான்காம் உலைகளில் குழாய் முனைகளைச் சரியாகப் பொருத்தாததால் எஞ்சிய இழுவிசை, 1974லேயே விரிசல்களை உண்டாக்கியிருந்தது. பாடம் கற்றுப் பொருத்தும் முறையைத் திருத்தினார்கள். இந்தியாவில் 1990களில் ராஜஸ்தானின் இரண்டாம் உலையிலும், அடுத்த பத்தாண்டின் முற்பாதியில் கல்பாக்கத்தின் இரு உலைகளிலும் எல்லா அழுத்தக் குழாய்களையும் எடுத்துவிட்டுப் புதிய கலவைக் குழாய்களைப் பொருத்தினார்கள். கதிர்வீச்சு நிறைந்த இடத்தில், தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளால், ஒவ்வொரு குழாயாகச் செய்த வேலை. நாட்டின் தொழில்நுட்பச் சாதனைகளைப் பட்டியலிடும்போது ராக்கெட்டுகளுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் ஒரு கீற்றாவது இதற்கும் கிடைத்திருக்கவேண்டும்.

கிரோல் 1961இல் ஐரோப்பாவுக்குத் திரும்பி பிரசெல்ஸில் குடியேறினார். 1973இல் அங்கேயே காலமானார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் கொலராடோ சுரங்கவியல் கல்லூரியில் உலோகப் பிரித்தெடுப்புக்கான நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. சிர்க்கோனியத் துறையின் உயரிய பதக்கம் அவர் பெயரில் வழங்கப்படுகிறது. ஆல்பனியில் இன்றும் சிர்க்கோனியம் உற்பத்தியாகிறது. ஆனால் சிர்க்கலாயை யார் கண்டுபிடித்தார் என்று கேட்டால் ஒற்றைப் பெயரைச் சொல்வது அநீதி. கிளாப்ரோத்திலிருந்து பெட்டிஸ் கூடத்தில் எஃகு கலந்த வார்ப்பைச் சோதித்தவர்கள் வரை நீளும் பட்டியல் அது. பிந்தையவர்களின் பெயர்கள் பெரும்பாலும் அறிக்கைகளின் அடிக்குறிப்புகளில் மட்டுமே வாழ்கின்றன.

கிரோலைத் தொடக்கத்தில் திணறவைத்த அந்த ஆக்சிஜன் பசி எங்கும் போய்விடவில்லை. உலையின் இயல்பான வெப்பத்தில் அது அடங்கிக் கிடக்கிறது. குளிர்நீர் இல்லாமல் உறை 1200 டிகிரியைத் தாண்டினால், சிர்க்கோனியம் நீராவியிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரஜனை வெளியேற்றும். அந்த வினையே வெப்பத்தைக் கக்குவதால் தன்னைத் தானே வேகப்படுத்திக்கொள்ளும். ஒரு கிலோ சிர்க்கோனியம் முழுதும் இப்படி மாறினால் சாதாரண அழுத்தத்தில் சுமார் 490 லிட்டர் ஹைட்ரஜன் உண்டாகும். உலைக்குள் இருப்பதோ டன் கணக்கில். 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் இந்த ஹைட்ரஜன் கட்டடத்துக்குள் எரிந்தது. 2011 மார்ச் 12, 14 தேதிகளில் ஃபுகுஷிமாவின் முதல், மூன்றாம் உலைக் கட்டடங்களின் மேற்பகுதியைத் தூக்கி எறிந்த வெடிப்புகள், சுனாமியால் குளிர்விப்பு நின்றபின் எரிபொருள் உறைகள் ஈன்ற ஹைட்ரஜனால் நேர்ந்தவை. சிர்க்கோனியத்தைப் புகழும் எவரும் இந்தப் பக்கத்தை மறைக்கக் கூடாது. இந்த உலோகத்தைத் தேர்ந்தபோது நியூட்ரான் கணக்கும் அன்றாட அரிப்பும் மையத்தில் இருந்தன. கடும் விபத்து அந்தக் கணக்கின் ஓரத்தில்தான் இருந்தது. உறை எவ்வளவு சூடாகலாம் என்று அமெரிக்க விதிகள் பின்னர் 1204 டிகிரியை உச்சவரம்பாக்கின. வரம்பைக் காப்பது குளிர்நீரின் வேலை. அந்த நீரே இல்லாதபோது விதியால் என்ன பயன்?

ஃபுகுஷிமாவுக்குப் பிறகு விபத்தைத் தாங்கும் உறைகளுக்கான தேடல் தீவிரமடைந்தது. இரண்டு பாதைகள் முன்னணியில் உள்ளன. ஒன்று, சிர்க்கோனியக் குழாயின் மேல் சில மைக்ரான் தடிமனில் குரோமியம் பூசுவது. நீராவியில் குரோமியம் பல மடங்கு மெதுவாகவே அரிக்கிறது. மற்றொன்று, சிர்க்கோனியத்தையே விட்டுவிட்டு இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உறை செய்வது. 2018இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஹாட்ச் நிலையத்தில் மேற்பூச்சுள்ள சிர்க்கோனியச் சோதனைக் கோல்களும் இரும்புக் கலவைக் கோல்களும் உண்மையான உலைக்குள் போயின. 2019இல் அதே மாநிலத்தின் வோக்ட்டில் இரண்டாம் உலையில் குரோமியம் பூசிய கோல்கள் எரிபொருளோடு ஏற்றப்பட்டன. இரும்புக் கலவை வெப்பத்தில் நன்றாகவே நிற்கிறது. ஆனால் அது விழுங்கும் நியூட்ரான்கள் சிர்க்கோனியத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். அந்த இழப்பை ஈடுகட்ட உறையை மெல்லியதாக்கவேண்டும், எரிபொருளைக் கூடுதலாகச் செறிவூட்டவேண்டும். கல்பாக்கம் போன்ற இயற்கை யுரேனிய உலைகளுக்கு அந்தக் கூடுதல் செலவைச் செய்ய வழியே இல்லை. அங்கே எதிர்கால உறை எதுவானாலும் அதன் உட்பகுதி சிர்க்கோனியமாகத்தான் இருக்க முடியும்.